மந்திரவாதியின் முடியாத கொலு

கேளுங்கள், சின்னவர்களே, பெரியவர்களே, கேட்டுக்கொண்டே தூங்கப் போகிறவர்களே. ஏழு தலைமுறைக்கும் அப்பால், அணில்கள் மனிதரோடு பேசிய காலத்தில், வாதுமைபுரி என்று ஒரு நாடு இருந்தது.

அந்த நாட்டுக்கு ஒரு ராஜா இருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தலையில் கிரீடம் இருந்தது. கிரீடத்துக்குக் கீழே பெரிதாக ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் மக்களைப் பற்றித்தான்.

ஊர் நடுவே ஒரு பெரிய வாதுமை மரம். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது அதன் இலைகள் ரத்தச் சிவப்பாகும். முதல் இலை உதிரும் நாளில் முன்னூறு வீடுகளிலும் இலைக்கொலு வைப்பார்கள். மூன்று பலகை, மூன்று படி. மேல்படியில் களிமண் பொம்மைகள். நடுப்படியில் பரங்கிக்காயும் சோளக்கதிரும். கீழ்ப்படியில் பொறுக்கி வந்த சிவப்பு இலைகள். காசு கொடுத்து வாங்கிய பொருள் அதில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்த அழகுக்கு ஈடு கிடையாது.

கொலு இருக்கும் வரை வாசல் கதவைச் சாத்தக் கூடாது. பார்க்க வருகிறவரைத் தடுக்கக் கூடாது. வந்தவர் கையில் சூடான பரங்கி அடை கொடுக்காமல் அனுப்பக் கூடாது. தினை மாவும் பரங்கித் துருவலும் கருப்பட்டியும் சுக்கும் பிசைந்து, மண்சட்டியில் அப்பி, மூடி போட்டு, மூடியின் மேலும் கனலை வாரி வைப்பார்கள். மேலும் நெருப்பு, கீழும் நெருப்பு. அடை நடுவில் வெந்து, ஓரம் முறுகி, தெருவெல்லாம் மணக்கும்.

மரத்தின் கடைசி இலை உதிர்வதற்குள் வீட்டுக்காரி பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படுக்க வைப்பாள். "நின்னது போதும், களைப்பாறு" என்பாள். அத்தோடு கொலு முடிந்தது.

இதை மறந்துவிடாதீர்கள். கதை இதில்தான் திரும்பப் போகிறது.

ஒரு வருஷம் நீலகேது என்ற மந்திரவாதி அரண்மனைக்கு வந்து ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் ஊரில் தமுக்கு அடித்தார்கள்.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்! இலைக்கொலு இனி அரண்மனையில் மட்டும்! வீட்டுக்கு ஒரு தங்க இலை இலவசம்! வாசலில் மாட்டிவிட்டு அரண்மனைக்கு வந்து கொலு பாருங்கள்! ரொட்டியும் இலவசம்!"

இலவசம் என்ற சொல்லுக்கு எந்தக் காலத்திலும் மவுசு உண்டு. முன்னூறு வாசலிலும் தங்க இலை ஏறியது. முன்னூறு கொலுவும் பரணில் ஏறியது.

தெருக்கோடியில் மரிக்கொழுந்து என்ற பெண் இருந்தாள். ஊருக்கெல்லாம் களிமண்ணில் அடுப்புப் போட்டுக் கொடுப்பவள். அவள் புருஷன் சடையன் விறகு வெட்டுகிறவன். அடையின் முறுகிய ஓரத்தைத் திருடித் தின்பதில் அவனுக்கு இணை இல்லை.

தங்க இலை மாட்டிய அன்று அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். நெருப்பு எரிந்தது. ஆனால் சுடவில்லை. சட்டியில் மாவு மாவாகவே கிடந்தது.

"என்னடி இது? நெருப்புக்கு ஜலதோஷமா?" என்றான் சடையன்.

"விறகு ஈரமா இருக்கும். வெட்டினவன் லட்சணம் அப்படி."

"அடுப்புப் போட்டவ லட்சணமா இருக்கப் போவுது! சரி, நான் அரண்மனை வரைக்கும் போய் எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன். ரொட்டி தராங்களாமே."

முதல் நாள் ரொட்டி தின்று வந்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் நாள் தின்று வந்தவனுக்கு அவள் பெயர் வரவில்லை. மூன்றாம் நாள் போனவன் வரவே இல்லை.

அவன் மட்டுமல்ல. எதிர்வீட்டு அங்கம்மாளின் மகள் வரவில்லை. கோணத்தெரு வள்ளாத்தாளின் மாமியார் வரவில்லை. வீட்டுக்கு ஒருவர் குறைந்திருந்தார்கள். யாரும் உரக்கக் கேட்கவில்லை. அரண்மனை விவகாரம் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் வியாதி அந்த ஊரிலும் இருந்தது.

மரிக்கொழுந்து வாதுமை மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். மேலே இருந்து ஒரு கொட்டை அவள் தலையில் விழுந்தது.

"அக்கா, இந்த வருஷம் அடை எங்கே?" என்றது ஓர் அணில். "முதல் அடையில் எனக்கு ஒரு விள்ளல் உண்டே!"

"அடுப்பு சுட மாட்டேங்குது. போய் வேலையைப் பாரு."

"வாசலில் ஊரான் பொருளை மாட்டிக்கிட்டு அடுப்பு சுடலேன்னு அழுவுறியே! அந்தத் தங்க இலையைத் திருப்பிப் பார்த்தியா?"

அவள் ஓடிப் போய் இலையைக் கழற்றித் திருப்பினாள். முன்பக்கம் தங்கம். பின்பக்கம் பனிக்கட்டி போல் சில்லென்று இருந்தது. வீட்டுச் சூட்டையெல்லாம் உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது அதுதான். அதைச் சாணிக் குழியில் எறிந்தாள். சிவப்பு வாதுமை இலைகளை நாரில் கோத்து வாசலில் கட்டினாள். பரணிலிருந்து மூன்று பலகையை இறக்கினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள்.

நெருப்பு சுட்டது!

வெந்து வந்த முதல் அடையைப் பிட்டுத் தின்றபடி அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: "மாவு நம்முடையது. நெருப்பு நம்முடையது. வாசல் நம்முடையது."

அணில் தன் விள்ளலைத் தின்று மீசையைத் துடைத்தது. "உன் புருஷன் அரண்மனைக் கொலுவில் இருக்கான் அக்கா. பொம்மையா. மரத்தில் இன்னும் முப்பது இலைதான். கடைசி இலை உதிரும்போதும் பொம்மை நின்னுக்கிட்டு இருந்தா, அது என்னைக்கும் பொம்மைதான்."

மரிக்கொழுந்து ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. இரண்டு அடைகளை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள். தனியாகக் கிளம்பினாள். தன் வீட்டுச் சங்கடத்தைத் தானே தீர்த்துக்கொள்ளலாம் என்ற கர்வம். அதுதான் அவள் செய்த பிழை.

அரண்மனைக் கதவு அகலத் திறந்திருந்தது. காவலுக்கு ஆள் இல்லை. உள்ளே சந்தனக் கட்டையில் ஒன்பது படிகள். படி நிறையப் பொம்மைகள், ஒவ்வொன்றும் சாண் உயரம். அதே ஊர்க்காரர்களான காவல்காரர்கள்கூட நாலாம் படியில் ஈட்டியோடு நின்றார்கள். யாரையும் நம்பாதவன் தன் காவலையும் நம்ப மாட்டான். உச்சிப் படியில் கிரீடத்தோடு ராஜாவே நின்றார்.

ஆறாம் படியில், தோளில் கோடாலியோடு, அசட்டுச் சிரிப்பு வரப் பார்த்து வராமல் போன முகத்தோடு ஒரு பொம்மை. சடையன்.

"வாம்மா, வா!" என்றான் நீலகேது. நீல அங்கியும் மினுங்கும் தாடியுமாக ரொட்டித் தட்டை நீட்டினான். "கொலு பார்க்க வந்தவங்க வெறும் வயிற்றோடு போகலாமா?"

"என் வயிறு நிறைஞ்சிருக்கு."

"ஒரே ஒரு துண்டு."

"வீட்டு அடை தின்ன வாய்க்கு உன் ரொட்டி ருசிக்காது."

அவன் முகம் சுருங்கியது. அவன் மந்திரமெல்லாம் அந்த ரொட்டிக்குள்தான். தின்னாதவரை அவனால் தொட முடியாது. மரிக்கொழுந்து நேராக நடந்து போய், சடையனை எடுத்து, படியிலேயே படுக்க வைத்தாள்.

"நின்னது போதும், களைப்பாறு."

பொம்மையின் மார்பு ஒரு முறை ஏறி இறங்கியது. இரண்டாம் முறை ஏறியது. நீலகேது பாய்ந்து வந்து அதைத் தூக்கி நிறுத்தினான். மார்பு நின்றது.

மீண்டும் படுக்க வைத்தாள். மீண்டும் நிறுத்தினான். மூன்றாம் முறையும் படுக்க வைத்தாள். மூன்றாம் முறையும் நிறுத்தினான்.

நீலகேது வாய்விட்டுச் சிரித்தான். "கெட்டிக்காரிதான்! மூணு மூச்சு விட்டிருந்தா உன் புருஷன் எழுந்திருப்பான். விட்டுடுவேனா? நீ படுக்க வைக்கிற வேகத்துக்கு நான் நிறுத்துவேன். போ, போய் நாளைக்கும் வா. கொலு பார்க்க வர்றவங்களை நான் தடுக்க மாட்டேன். கதவைச் சாத்தினா கொலு கெட்டுப் போயிடும்னு எனக்கும் தெரியும்!"

ஜெயித்தவன் வாய் சும்மா இருக்காது. அவன் சொன்ன இரண்டு ரகசியங்களையும் முடிந்துகொண்டு அவள் வீடு திரும்பினாள். வழியில் சடையனின் கோடாலி நினைவு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கணக்குப் போட்டாள். பொம்மைகள் நிறைய. அவனுக்குக் கை இரண்டு.

அங்கம்மாள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"தங்க இலையை எடுத்தா வாசல் மூளியாத் தெரியுமே, மரிக்கொழுந்து" என்றாள் அங்கம்மாள்.

வள்ளாத்தாள் வீட்டுக்குப் போனாள்.

"நமக்கு எதுக்குடி வம்பு? என் மாமியார் இல்லாம வீடு என்னமோ அமைதியாத்தான் இருக்கு" என்றாள் வள்ளாத்தாள். சொல்லிவிட்டு, மாமியாரின் வெற்றிலைப் பெட்டியை முந்தானையால் துடைத்தாள்.

மூன்றாம் வீட்டில் கதவையே திறக்கவில்லை.

இன்னொருத்தியாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பாள். மரிக்கொழுந்து திட்டவில்லை. வீட்டுக்கு வந்து பரங்கிக்காயைத் துருவினாள். ஒரு பொழுது முழுக்கச் சுட்டாள். சூடு ஆறுவதற்குள் அதே வீடுகளுக்கு அதே கால்களோடு போனாள். இந்தத் தடவை ஒன்றும் பேசவில்லை. அடையைக் கையில் வைத்தாள், அவ்வளவுதான்.

அங்கம்மாள் ஒரு விள்ளல் வாயில் போட்டாள். மென்றாள். நின்றாள். அவள் மகள் அடையை ஊதி ஊதித் தின்பது கண்முன் வந்தது. விறுவிறு என்று வாசலுக்குப் போய்த் தங்க இலையைப் பிய்த்து எறிந்தாள்.

"எரிஞ்சு போவட்டும்! எனக்கு ஒரு கங்கு குடுடி!"

வள்ளாத்தாள் அழுதுகொண்டே தின்றாள். "இதைவிட என் மாமியார் நல்லாச் சுடுவா" என்றாள். "ஆயிரம் குறை சொல்லிக்கிட்டே சுடுவா. கூட்டிக்கிட்டு வரணும்."

மூன்றாம் வீட்டுக் கதவு மணத்துக்கே திறந்துகொண்டது.

ஒரு வீட்டுக் கங்கு அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அந்தக் கங்கு அதற்கடுத்த வீட்டுக்கு. தங்க இலைகள் இறங்கின, சிவப்பு இலைகள் ஏறின. பரணிலிருந்து பலகைகள் இறங்கின. கோணல் மூக்குப் பொம்மை, கை உடைந்த பொம்மை, சாயம் போன பொம்மை எல்லாம் தத்தம் படியில் நிமிர்ந்து நின்றன. மூன்று நாளில் முன்னூறு அடுப்பும் எரிந்தது. ஊர் முழுக்க ஒரே பேச்சு: "மாவு நம்முடையது. நெருப்பு நம்முடையது. வாசல் நம்முடையது."

நாலாம் நாள் காலை அணில் கத்தியது: "அக்கா! மூணே இலை!"

முன்னூறு பேர் புறப்பட்டார்கள். யார் கையிலும் கத்தி இல்லை, கம்பு இல்லை. ஒவ்வொருவர் முந்தானையிலும் துண்டிலும் ஓர் அடை. நீலகேது பலகணியிலிருந்து பார்த்தான். கதவைச் சாத்த ஓடினான். பாதி சாத்தியதும் ஒன்பது படியும் கிடுகிடு என்று ஆடின. சாத்தினால் கொலு கெடும். பதறிக் கதவைத் திறந்தான்.

"ரொட்டி! எல்லாரும் ரொட்டி எடுத்துக்குங்க!" என்று அலறினான்.

"நாங்க கொண்டு வந்திருக்கோம் சாமி" என்றாள் வள்ளாத்தாள். "நீ வேணும்னா ஒண்ணு தின்னு. இளைச்சுப் போயிருக்கே."

ஓர் இலை உதிர்ந்தது.

முன்னூறு பேரும் படிகளை நெருங்கி ஆளுக்கொரு பொம்மையை எடுத்தார்கள். மரிக்கொழுந்து குரல் கொடுத்தாள்: "இப்போ!"

"நின்னது போதும், களைப்பாறு!"

முன்னூறு பொம்மையும் படுத்தன. நீலகேது வலது கையால் ஒன்றை நிறுத்தினான். இடது கையால் இன்னொன்றை நிறுத்தினான். மூன்றாவதற்குக் கை இல்லை. வாயால் ஒன்றைக் கவ்வினான். அது காவல்காரன் பொம்மை, ஈட்டி நாக்கில் குத்திற்று. நிறுத்தியவற்றை அவன் திரும்புவதற்குள் மறுபடி படுக்க வைத்துவிட்டார்கள்.

முதல் மூச்சு. இரண்டாம் இலை உதிர்ந்தது.

இரண்டாம் மூச்சு. நீலகேது படிக்குப் படி தாவினான், விழுந்தான், எழுந்தான்.

மூன்றாம் மூச்சு!

கொட்டாவி விட்டபடி முன்னூறு பேர் பழையபடி ஆள் உயரத்துக்கு எழுந்தார்கள். அங்கம்மாளின் மகள் அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வள்ளாத்தாளின் மாமியார் கண் திறந்ததும் அடையை முகர்ந்து, "சுக்கு குறைச்சல்" என்றாள். சடையன் தோளிலிருந்த கோடாலியை இறக்கி வைத்துவிட்டு மனைவியின் முந்தானையைப் பார்த்தான்.

"ஓரம் இருக்கா?"

"உனக்குன்னு ஓரமாப் பார்த்துத்தான் எடுத்து வச்சேன், திருட்டுப் பயலே" என்றாள் மரிக்கொழுந்து. அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

எல்லோரும் கிளம்பப் பார்த்தார்கள். அப்போதுதான் கவனித்தார்கள். உச்சிப் படியில் ராஜா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். அவரைக் கூட்டிப் போக யாரும் வரவில்லை. மரத்தில் ஒரே ஒரு இலை ஆடிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டுமே, அழகாத்தான் இருக்கார்" என்றான் சடையன்.

மரிக்கொழுந்து படியேறினாள். ராஜா என்பதற்காக ஏறவில்லை. கொலு என்றால் கடைசிப் பொம்மையும் படுத்தாக வேண்டும், அதற்காக ஏறினாள். "நின்னது போதும், களைப்பாறு" என்று படுக்க வைத்தாள். மூன்று மூச்சும் ஆனது. கடைசி இலை உதிர்ந்தது. படிகளில் பொம்மை இல்லை. கொலு முடிந்தது.

முடிந்த கொலுவில் மந்திரவாதிக்கு என்ன வேலை? ஊரை நிறுத்தி வைத்த மந்திரம் அவன் மேலேயே திரும்பியது. நீலகேது சாண் உயரத்துக்குச் சுருங்கினான். நீல அங்கி களிமண்ணாகியது. நீட்டிய கைகளோடு, திறந்த வாயோடு பொம்மையாக நின்றான்.

ராஜா கிரீடத்தைச் சரி செய்துகொண்டு, "பெண்ணே, என்ன வேண்டும், கேள்! பொன்னா, நிலமா?" என்றார்.

"உங்க ஒன்பது படியையும் எங்களுக்குக் கொடுங்க மகாராஜா. விறகுக்கு ஆகும். இனிமே எங்க வீட்டுல என்ன சுடணும், எங்க வாசல்ல என்ன கட்டணும்னு தமுக்கு அடிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

ராஜா தலையாட்டினார். முன்னூறு பேர் எதிரே நின்றால் எந்த ராஜாவுக்கும் தலை தானாகவே ஆடும்.

அந்த வருஷம் சந்தனப் புகையில் சுட்ட அடையை முன்னூறு வீட்டாரும் தின்றார்கள். முதல் விள்ளல் அணிலுக்கு. முறுகிய ஓரம் சடையனுக்கு. நீலகேது பொம்மை மரிக்கொழுந்து வீட்டுக் கொலுவில் இலைகளுக்கு நடுவே இன்றும் நிற்கிறது. வருஷா வருஷம் மற்ற பொம்மைகளைப் படுக்க வைப்பார்கள். அவனை மட்டும் நின்றபடியே பெட்டியில் வைத்து மூடுவார்கள்.

உங்கள் ஊரில் இலை சிவக்கும்போது நீங்களும் மூன்று பலகை போடுங்கள். அடுப்பைப் பற்ற வையுங்கள். வாசலைத் திறந்து வையுங்கள். யாராவது வந்து தங்க இலை நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் திருப்பிப் பார்த்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே சொல்லுங்கள்: மாவு நம்முடையது, நெருப்பு நம்முடையது, வாசல் நம்முடையது.

கதையும் வெந்தது, அடையும் வெந்தது. எடுத்துக்கொள்ளுங்கள், சூடு ஆறுவதற்குள்.