சேறு பட்ட புதுமுகம்

ஒரு காட்டில், குழந்தைகளே, சிங்கமே இல்லை. அதனால் அங்கே தேர்தல் நடந்தது.

அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு குட்டை. தலைவர் எவரோ அவரே விடியற்காலையில் முதலில் குட்டையில் இறங்கலாம் என்பது சட்டம். அப்போது தலைவராக இருந்தது உருமன் என்ற காட்டுப்பன்றி. உருமன் தண்ணீர் குடிக்க இறங்குவதில்லை, புரளத்தான் இறங்குவான். அவன் எழுந்து போன பிறகு மற்றவர்கள் குடித்தது தண்ணீரா கூழா என்று அவர்களுக்கே தெரியாது.

முயலக்காவின் கடைக்குட்டிக்கு அந்தக் கூழைக் குடித்துக் குடித்து வயிறு போய்க்கொண்டே இருந்தது. காது இரண்டும் தொங்கிவிட்டன. இன்னும் கொஞ்ச நாள் இதையே குடித்தால் பிள்ளை தங்காது என்று முயலக்காவுக்குப் பயம்.

தேர்தல் வந்தது. பன்றியை எதிர்த்து இரண்டு பேர் நின்றால் ஓட்டு பிரிந்துவிடும். ஆகவே நிற்கப்போகிற அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்ய, புல் தின்னும் விலங்குகள் எல்லாம் நாவல் மரத்தடியில் கூடின. கூட்டத்துக்கு ஓர் ஆட்டுக்கடா தலைமை தாங்கியது. அதற்குத் தாடி இருந்தது. வேறு தகுதி எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் நெடுங்கொம்பர் என்ற கிழட்டுக் கடமான் எழுந்தது.

"இந்தப் பன்றியை எனக்குப் பல வருஷமாத் தெரியும். எந்த வழியா வருவான், எந்தக் காலை முதல்ல வைப்பான், எப்போ தும்முவான், எல்லாம் எனக்கு அத்துப்படி!"

"அவன் வந்ததும் நீங்க என்ன பண்ணுவீங்க பெரியவரே?" என்று கேட்டாள் முயலக்கா.

"ஒதுங்கிடுவேன். சரியான நேரத்துல ஒதுங்கறதுக்கு அனுபவம் வேணும்மா. சின்னப் பசங்களால அது ஆகாது."

அனுபவம்தான் வேண்டும் என்ற பாதிக் கூட்டம் குளம்பைத் தட்டி ஆரவாரம் செய்தது.

அடுத்து சுழியன் என்ற இளம் புள்ளிமான் துள்ளி வந்து நின்றான். மேட்டுப் புல்வெளியிலிருந்து அந்தக் கோடையில்தான் கீழே இறங்கி வந்தவன்.

"பன்றியை நீ என்ன பண்ணுவே தம்பி?"

"பன்றியா? அது எப்படிக்கா இருக்கும்?"

புதுமுகம்தான் வேண்டும் என்ற மீதிக் கூட்டம் சந்தோஷத்தில் குதித்தது. "கேட்டீங்களா! பன்றியோட இவருக்கு எந்தச் சகவாசமும் கிடையாது!"

முயலக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பார்க்காத ஆளை எப்படிடா ஜெயிப்பே? போய்ப் பார்த்துட்டாவது வா."

சுழியனிடம் ஒரு நல்ல குணம். சொன்னால் கேட்பான். "இதோ வர்றேன்க்கா" என்று குட்டைப் பக்கம் ஓடினான். கூட்டம் மேய்ச்சலுக்குக் கலைந்தது.

சாயங்காலம் கூட்டம் மறுபடி கூடியது. சுழியன் திரும்பி வந்தபோது புள்ளி எது சேறு எது என்று தெரியவில்லை. ஒரு காது கிழிந்திருந்தது. பின்னங்காலை இழுத்து இழுத்து வந்தான். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"தூக்கி எறிஞ்சுட்டான்க்கா! எழுந்து போனேன், மறுபடியும் எறிஞ்சான். அப்புறம்தான் கவனிச்சேன், அவனுக்குக் கழுத்தே இல்ல. நேரா வந்தா நம்மால நிக்க முடியாது. ஆனா பக்கவாட்டுல போயிட்டா, மொத்த உடம்பையும் திருப்பினாத்தான் அவனால நம்மளைப் பார்க்க முடியும். நான் சுத்திச் சுத்தி ஓடினேன், அவனும் சுத்தினான். கடைசில தலை சுத்தி உட்கார்ந்துட்டான்!"

முயலக்கா சட்டென்று திரும்பினாள். நெடுங்கொம்பரைப் பார்த்து, "இத்தனை வருஷத்துல இது உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள்.

"நான் எப்பவும் தூரத்துல நின்னுதானேம்மா பார்த்தேன்" என்றது கடமான்.

"அப்போ இவனையே நிறுத்துங்க!" என்று கத்தினாள் முயலக்கா.

புதுமுகக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். "நாங்க கேட்டது புதுமுகம். இது சேறு பட்ட முகம். காது வேற கிழிஞ்சிருக்கு. காலையில இருந்த புதுசு இப்போ எங்கே?"

அனுபவக்காரர்களும் விடவில்லை. "ஒரு மத்தியான அனுபவமெல்லாம் ஒரு அனுபவமா? அதுவும் அடிபட்ட அனுபவம்! நம்ம பெரியவர் ஒரு தடவையாவது அடிபட்டிருக்காரா?"

"அவர் கிட்டவே போகலையே!"

"அதனாலதான் அடிபடல" என்றது ஆட்டுக்கடா, தாடியை ஆட்டிக்கொண்டு.

பிறகு அதற்கு ஒரு யோசனை வந்தது. நெடுங்கொம்பரின் பேரன் அன்று காலையில்தான் பிறந்திருந்தான். "இதைவிடப் புதுசு இந்தக் காட்டுல எங்கே கிடைக்கும்? தாத்தா பக்கத்துல நின்னா அனுபவமும் ஆச்சு!"

இரண்டு பக்கமும் ஒரே குரலில் ஆமோதித்தன. வேட்பாளர் தாயின் மடியிலிருந்து வாயை எடுக்காமல் பால் குடித்துக்கொண்டிருந்தார். இதுவரை தப்பாக ஒரு வார்த்தை பேசியிருக்கிறாரா என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

"என் பிள்ளை சாகக் கிடக்குது, உங்களுக்கு முகம்தான் பெரிசாப் போச்சா?" என்று முயலக்கா அழுதாள். கூட்டம் வேட்பாளரைக் கொஞ்சப் போய்விட்டது. சுழியன் மட்டும் நொண்டிக்கொண்டே அவள் பின்னால் போனான்.

"அழாதீங்கக்கா. தலைவர் ஆனாத்தான் பன்றியைச் சுத்த விடணும்னு சட்டம் ஏதாவது இருக்கா?"

மறுநாள் விடியற்காலையில் உருமன் குட்டைக்கு வருகிற பாதையில் சுழியன் காத்திருந்தான். பக்கவாட்டில் பாய்ந்து அவன் வாலைக் கடித்தான். பன்றி திரும்பியது, மான் நகர்ந்தது. பன்றி மறுபடி திரும்பியது, மான் மறுபடி நகர்ந்தது. உருமன் செக்கு மாடாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது முயலக்கா தன் குட்டிகளைக் குட்டைக்கு ஓட்டி வந்தாள். தண்ணீருக்கு அடியில் கிடந்த கூழாங்கல் கூடத் தெரிந்தது. கடைக்குட்டி வயிறு முட்டக் குடித்தது. தினமும் இப்படியே நடக்க, சில நாட்களில் அதன் காதுகள் நிமிர்ந்து நின்றன. அன்று முயலக்கா வாய்விட்டு அழுதாள், ஆனால் அது வேறு அழுகை.

"நீங்களும் விடியற்காலையில வாங்க" என்று அவள் எல்லோரையும் கூப்பிட்டாள். கூட்டம் முடிவு செய்யாமல் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

தேர்தல் நாளன்று வேட்பாளர் தூங்கிவிட்டார். உருமன் ஜெயித்தான். தோல்விக்குக் காரணம் என்ன என்று ஆராய நாவல் மரத்தடியில் மறுபடி கூட்டம் கூடியது. அனுபவம் போதவில்லை என்றது ஒரு பாதி. புதுமை போதவில்லை என்றது மறு பாதி. தொண்டை வறண்டபோது எல்லோரும் சேர்ந்து குட்டைக்குப் போய்க் கூழ் குடித்துவிட்டு வந்தார்கள்.

நீதி: ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பழையவரா, புதியவரா என்று பார்க்காதே, விழுந்தபோது என்ன கற்றுக்கொண்டு எழுந்தார் என்று பார்.