உப்பு பார்த்த சாமியார்

தனிஸ்லாஸ் சாமியாரின் குசினியில் சமைக்கிற மிக்கேலம்மாள் ஆறாவது முறையாக உண்டாகியிருந்தாள். சாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

“திருச்சபை சொல்ற இயற்கை முறையில என்ன கஷ்டம்? ஆகாத நாள்ல புருஷனை விட்டு விலகியிருக்கணும், அவ்வளவுதானே! ஞாயிறு பிரசங்கத்துல உன் பேரைச் சொல்லத்தான் போறேன்.”

“சொல்லுங்க சாமி.”

மறுநாள் தவக்கால வெள்ளி, இறைச்சி ஆகாது. மிக்கேலம்மாள் சாமியாருக்குக் கஞ்சி வைத்துவிட்டு, கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்த இந்து ஆட்களுக்குக் கோழி வறுத்தாள். மணம் சாப்பாட்டு மேசைவரை போனது. கொஞ்ச நேரத்தில் சாமியாரே கரண்டியோடு குசினிக்குள் வந்து நின்றார்.

“சும்மா, உப்பு பார்க்கலாம்னு...”

“உங்களுக்கு ஆகாதது அடுப்புலதான் கிடக்கு சாமி. எனக்கு ஆகாதது பக்கத்துலயே படுத்துக் கிடக்கே!”

அந்த ஞாயிறு பிரசங்கம் இரக்கத்தைப் பற்றி. ரொம்பச் சுருக்கமாக முடித்துவிட்டார்.