அண்டா மூடி ஒலித்த மண்டபம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஒரே ஒரு ரோஜா மாலையை யார் கழுத்தில் போடுவது என்று தமிழர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கதை இது. தீர்ப்பு உங்கள் பொறுப்பு.

நிறவெறி ஆட்சிக் காலத்தில் அங்கே ஒரு தமிழ் மண்டபத்தில் பஜனை என்ற பெயரில் கூட்டம் நடக்கும். லோகநாதன் படையாச்சி என்ற வாலிபன் மேடையேறி ஆட்சியைக் கிழிகிழியென்று கிழிப்பான். சமையற்கட்டில் பருப்பு வேகவைக்கும் பூமணியின் ஒரு கண் எப்போதும் ஜன்னலில் இருக்கும். உளவுப் போலீஸின் தலை தெரிந்தால் போதும், கரண்டியால் அண்டா மூடியில் ஓங்கி ஓர் அடி. அடுத்த கணமே கூட்டம் தேவாரம் பாடி உருகும். உள்ளே வந்த போலீஸ்காரன் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போவான். அந்த நாட்களை நினைத்தால் பூமணிக்கு இன்றும் சிரிப்பு வரும், நெஞ்சும் நிறையும்.

காலம் மாறியது. எவரும் தம் கருத்தைத் தடையின்றிச் சொல்லலாம் என்று புதிய அரசியல் சட்டம் உறுதி தந்தது. படையாச்சி நகரசபை உறுப்பினரானார். பூமணி மண்டபத் தலைவியானாள். ஆனாலும் விழா என்றால் கரண்டியை யாரிடமும் விடமாட்டாள். மண்டபம் நிற்பது நகரசபை நிலத்தில். குத்தகை முடிய இருந்தது. புதுப்பிக்கப் படையாச்சி மனம் வைக்க வேண்டும். அதனால் ஆண்டு விழாவுக்கு அவரே சிறப்பு விருந்தினர். மாலையும் அவருக்காகக் கட்டியதுதான்.

அவர் வருமுன் தேவராணி என்ற ஆசிரியை மேடையேறி, தெருவில் குடிநீர் வராததற்குப் படையாச்சியின் அலட்சியமே காரணம் என்று பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. பூமணியின் கை அவளைக் கேட்காமலே மூடியில் ஓங்கி அடித்துவிட்டது. பழைய ஆட்கள் பழக்கதோஷத்தில் தேவாரமே பாடத் தொடங்கிவிட்டார்கள்!

படையாச்சி வாசலிலேயே நின்றார். அன்று தன்னைக் காத்த ஓசை இன்று தன்னைக் கண்டு எழுந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. கண் கலங்க, "பேசும்மா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார்.

"நீங்க அனுமதி கொடுத்து நான் பேச வேண்டியதில்லைங்க. சட்டமே கொடுத்திருக்கு" என்றாள் தேவராணி.

அவர் முகம் சிவந்தது. மண்டபச் செயலாளர் ஓடிப்போய் மைக்கை அணைத்தார். "அக்கா, மண்டபம் போயிடும்" என்று பூமணியிடம் கெஞ்சினார். அவள் கழுத்தில் தாலி ஏறியதும் அங்கேதான், இறந்த கணவனைக் கடைசியாக வழியனுப்பியதும் அங்கேதான். கரண்டியைக் கீழே வைத்தாள். மேடையேறி மைக்கைத் திரும்பப் போட்டாள்.

"போனா போவட்டும். நீ முழுசாப் பேசு கண்ணு."

படையாச்சி உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

மாலை மேஜையிலேயே கிடந்தது. அஞ்சாமல் பேசியவள் தேவராணி. தன்மேல் விழுந்த வசவைப் பொறுமையாகக் கேட்டவர் படையாச்சி. அணைந்த மைக்கைப் போட்டவள் பூமணி. இம்மூவரில் பேச்சுரிமையைக் காத்தவர் யார்?

விடை: பூமணிதான். தேவராணி தனக்குச் சொந்தமான உரிமையைப் பயன்படுத்தினாள். சட்டம் அவள் பக்கம் இருந்தது. கேட்டுக்கொள்வது படையாச்சியின் கடமை. அவர் கொடுக்க வந்த அனுமதியோ அவருடையதே அல்ல. பூமணி சும்மா இருந்திருந்தால் எந்தச் சட்டமும் அவளைக் கேள்வி கேட்டிருக்காது. உயிராய் நினைத்த இடத்தைப் பணயம் வைத்தவள் அவள் ஒருத்திதான். மாலை கழுத்தில் விழுந்ததும் அவள் அழுதாள். ஏன் என்று கேட்டார்கள்.

"அந்தக் காலத்துல பயந்துக்கிட்டுதான் இருந்தோம். ஆனா எல்லாரும் ஒரே பக்கம் இருந்தோமே" என்றாள்.