தற்காலிகம்

“இதைவிட எளிமையா என்னால எழுத முடியாது, டீச்சர்.”

டாக்டர் ஞானசிகாமணியின் குரலில் சலிப்பு இருந்தது. அதே கட்டுரையை அவர் திருத்தித் திருத்திக் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

அவர் நரம்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மெஹர் நிசா டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர். தமிழாசிரியை வேலையை விட்டுவிட்டு, நோய்களைப் பற்றி யாருக்கும் புரிகிற மாதிரி எழுதும் இணையதளம் ஒன்றை நாகர்கோவிலில் நடத்திவந்தார். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று டாக்டர்தான் அவரைத் தேடி வந்திருந்தார்.

கட்டுரை பக்கவாதம் பற்றியது. டீச்சர் திரையில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்.

‘அறிகுறிகள் சற்று நேரத்தில் மறைந்துவிட்டால் அது தற்காலிகக் குருதிக்குறை நிகழ்வாக இருக்கக்கூடும், உரிய மருத்துவ மதிப்பீடு பரிந்துரைக்கப்படுகிறது.’

“இதைப் படிச்சவங்க என்ன செய்யணும், டாக்டர்?”

“ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“எப்போ?”

“உடனே. அடுத்தது பெருசா வரலாம்.”

“அந்த ‘உடனே’ எங்கே இருக்கு?”

டாக்டர் வரியை மறுபடி பார்த்தார். “மதிப்பீடு பரிந்துரைக்கப்படுகிறதுன்னா அதுதானே அர்த்தம்? ஓடு, உடனே ஓடுன்னு எழுதினா என்கூட வேலை பார்த்த டாக்டருங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். அவங்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாதே.”

டாக்டருக்குச் சுருக்கென்றது. எழுந்து கிளம்பிவிட்டார்.

அன்றே கட்டுரையைத் தன்னுடைய சொந்தப் பக்கத்தில் ஏற்றினார். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. பழைய மாணவர்கள் பாராட்டினார்கள். ‘எவ்வளவு துல்லியம், சார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். டாக்டர் அதை டீச்சருக்கு அனுப்பிவைத்தார்.

டீச்சர் ஒன்றும் எழுதவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். தோவாளையிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். பெயர் பகவதி.

“சார், நீங்க எழுதினதைப் படிச்சேன். பக்கத்துலயே உங்க நம்பர் இருந்துச்சு.”

“சொல்லுங்கம்மா.”

“எங்க வீட்டுக்காரர் பூச்சந்தையில ஏலம் விடுறவரு. தாணுமாலயன்னு பேரு. ஒருநாள் காலையில காபி குடிக்கையில வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு. பேச்சு குழறுது. போனை எடுத்துத் தேடினேன். உங்க கட்டுரைதான் வந்துச்சு. நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள அவருக்குச் சரியாயிட்டு. எழுந்து சந்தைக்கே போயிட்டாரு.”

டாக்டருக்கு அடுத்து வரப்போவது தெரிந்துவிட்டது.

“ஆஸ்பத்திரிக்குப் போகலியாம்மா?”

“தற்காலிகம்னு போட்டிருந்துச்சே சார். தற்காலிகம்னா தானாப் போயிரும்தானே? அப்பாடான்னு இருந்துச்சு. மனசுக்குள்ள உங்களுக்கு நன்றிகூடச் சொன்னேன்.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். மூன்றாம் நாள் அவர் சந்தையிலேயே விழுந்திருக்கிறார். உயிர் தப்பிவிட்டது. வலது கை எழவில்லை. பேச்சு போய்விட்டது.

“அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன் சார். பேச்சு எப்போ வரும்? இங்க யாரைக் கேட்டாலும் என்னவோ சொல்லுதாங்க. ஒண்ணும் விளங்கல.”

“நாளைக்கு நானே கூப்பிடறேம்மா” என்றார் டாக்டர்.

மறுநாள் அவர் மருந்துக்கடைப் படிகளில் ஏறி வந்து டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

டீச்சர் அந்தக் கட்டுரையைத் திரையில் திறந்தார்.

“கட்டுரையில ஒரு தப்பும் கிடையாது, டீச்சர். யார் வேணும்னாலும் சரிபார்க்கட்டும்.”

“ஆமா.”

“ஆனா அந்த மனுஷனுக்குப் பேச்சு போயிட்டு.”

“நானும் அன்னைக்கு உங்களைப் போக விட்டுட்டேன்” என்றார் டீச்சர். “பெரியவர், கோபப்பட்டுப் போறார், நமக்கென்னன்னு இருந்துட்டேன். நீங்க அதை ஏத்தினதும் எனக்குத் தெரியும். ஒரு போன் பண்ணியிருக்கலாம்.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பிறகு டாக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “அந்த அம்மாகிட்டச் சொல்ல எழுதிட்டு வந்திருக்கேன். பார்த்துச் சொல்லுங்க.”

டீச்சர் வாசித்தார். ‘மொழித்திறன் மீட்சியின் அளவும் காலமும் நபருக்கு நபர் மாறுபடும். தொடர் பயிற்சியின் மூலம்...’

அதற்குமேல் வாசிக்காமல் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“அவங்க கேட்டது என்ன?”

“பேச்சு எப்போ வரும்னு.”

“எப்போ வரும்?”

டாக்டர் வாயைத் திறந்தார். நாற்பது வருஷமாக நோயாளிகளின் வீட்டாரிடம் சொல்லிப் பழகிய வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒன்றையும் அவரால் சொல்ல முடியவில்லை.

“தெரியாது.”

டீச்சர் மேசையில் இருந்த அவருடைய போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

முதல் மணியிலேயே பகவதி எடுத்தாள்.

“அம்மா, நான் ஞானசிகாமணி பேசறேன். பேச்சு எப்போ வரும்னு கேட்டீங்க. எனக்குத் தெரியாதும்மா. தினம் பயிற்சி கொடுத்தா கொஞ்சம் கொஞ்சமா வரலாம். ஏலம் விடுற அந்தப் பழைய பேச்சு வராமலே போகலாம்.”

டாக்டர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“இன்னொண்ணும்மா. அன்னைக்கு வாய் கோணினது சரியாப் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கணும். அதை நான் எழுதல. புரியாத மாதிரி எழுதிட்டேன். தப்பு உங்க பேர்ல இல்ல. என் பேர்ல.”

எங்கோ ஒரு பாத்திரத்தை நகர்த்தும் ஓசை கேட்டது. அவள் அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. காதிலிருந்து போனை எடுக்காமல் காத்திருந்தார்.

“சார்” என்றாள் பகவதி கடைசியில். “இப்போதான் நீங்க சொல்றது எனக்குப் புரியுது.”