கரிசாலைக் கூடை

மலையடிவாரத்தில் உமையாள் அம்மையின் வைத்திய ஆசிரமம் இருந்தது. காமாலை கண்டவர்கள் அங்கே வருவார்கள். ஓடைக்கரையில் தரையோடு படர்ந்து கிடக்கும் மஞ்சள் கரிசாலைதான் அவர்களுக்கு மருந்து.

அதே கரையில் அதன் உடன்பிறப்பு ஒன்றும் படர்ந்திருந்தது. யாரோ அழகுக்கு நட்ட கொடி, வேலி தாண்டி வந்துவிட்டது. ஆசிரமத்தில் அதைச் சீமைக்கரிசாலை என்பார்கள். அதே மஞ்சள் பூ, அதே பச்சை. மருந்துக்கு மட்டும் ஆகாது.

"கரிசாலை இலை நீண்டு ஒடுங்கியிருக்கும். சீமை இலை மூன்றாகப் பிளக்கப் பார்க்கும், பூவும் சற்றுப் பெரிது" என்று அம்மை சொல்லிக்கொடுப்பார். "கொழுந்தில் பிளவு சட்டென்று தெரியாது, வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைப் பார்க்க வேண்டும். ஏமாறுவது அங்கேதான்."

தில்லைநாயகி இதைக் கற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. விடிந்ததும் பறித்து வந்து கூடையை அம்மை முன் வைப்பாள். அம்மை தலையசைப்பார். கூடை நேரே உரலுக்குப் போய்விடும்.

சென்ற மழைக்காலத்தில் குமுதா வந்து சேர்ந்தாள். அவள் கூடை அப்படிப் போகவில்லை. அம்மை அதை மடியில் வைத்துக்கொள்வார். ஒவ்வோர் இலையாக எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார்.

"இது?"

"கரிசாலை, அம்மா."

"எதை வைத்துச் சொல்கிறாய்?"

குமுதா சொல்வாள். சில நாள் இருவரும் சிரிப்பார்கள். ஒருமுறை அவள் நெற்றியில் ஒட்டியிருந்த புல்விதையை அம்மை பேச்சோடு பேச்சாகத் தட்டிவிட்டார்.

உரலடியில் இருந்த தில்லை அதைப் பார்த்தாள். தன் கூடையில் மண்ணாங்கட்டி கிடந்தாலும் அம்மைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் ஒரு பழுப்பு இல்லாமல் பொறுக்கி, ஓடையில் அலசி, காம்பெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கிக் கொண்டுவந்தாள். அம்மை தலையசைத்தார். அவ்வளவுதான்.

"அம்மை உன்னிடம் அவ்வளவு நேரம் என்னதான் பேசுகிறார்?" என்று குமுதாவிடம் கேட்டாள்.

"பேச்சா? தப்புப் பிடிக்கிறார், அக்கா."

பீற்றிக்கொள்கிறாள் என்று தில்லைக்குத் தோன்றியது. அன்றிரவு சீக்கிரமே படுத்துக்கொண்டாள். கண்ணை மூடினால் அம்மையின் விரல்களும், அவற்றின் நடுவே அந்த இலையும்தான் தெரிந்தன.

சில நாள் கழித்து மாரப்பன் என்ற நெசவாளியை அவன் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். அவனுடைய கண்கள் மஞ்சளாகக் கிடந்தன. "சீக்கிரம் பறித்து வாருங்கள்" என்றார் அம்மை.

இருவரும் ஓடைக்குப் போனார்கள். பறித்து முடித்ததும் குமுதா கால் சேற்றைக் கழுவத் தண்ணீரில் இறங்கினாள். அவள் கூடை கரையில் இருந்தது.

தில்லை குனிந்து, பிளவு தெரியாத சீமைக் கொழுந்துகளாகப் பார்த்து ஒரு கை நிறையக் கிள்ளினாள். குமுதாவின் கூடையில் அடியில் வைத்து மூடினாள். எப்படியும் அம்மை பார்ப்பார், எடுத்துப் போட்டுவிடுவார் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. இவள் முகம் மட்டும் ஒரு நாள் தொங்கட்டும்.

திரும்பி வந்தார்கள். குமுதா கூடையை வைத்துவிட்டு, வழக்கம்போல எதிரே உட்கார்ந்தாள். அம்மை கையை நீட்டவில்லை.

"உரலில் போடு" என்றார்.

"அம்மா, இன்னும் பார்க்கவில்லையே?"

"இனிப் பார்க்க வேண்டியதில்லை."

குமுதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து அம்மையின் கால்களைத் தொட்டாள். பிறகு தில்லையிடம் திரும்பி, "அக்கா, உங்கள் கூடை மாதிரி என் கூடையும் ஒரு நாளாவது நேரே போகாதா என்று எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்" என்றாள்.

தில்லை நின்ற இடத்திலேயே நின்றாள்.

குமுதா இலைகளை உரலில் கொட்டினாள். உலக்கையை எடுத்தாள். மாரப்பனின் மனைவி குவளையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

தில்லை ஓடிப்போய் உரலின் வாயைக் கையால் பொத்தினாள்.

"வேண்டாம்."

"ஏன் அக்கா?"

தில்லை அவளைப் பார்க்கவில்லை. அம்மையைப் பார்த்துத்தான் சொன்னாள். "இதில் சீமைக் கொழுந்து கலந்திருக்கிறது. நான்தான் கலந்தேன்."

குமுதாவின் கையிலிருந்த உலக்கை மெல்லத் தரையைத் தொட்டது. அம்மை முறத்தை எடுத்துத் தில்லையின் முன் வைத்தார்.

"பொறுக்கு" என்றார்.

தில்லை உரலிலிருந்து அள்ளி முறத்தில் பரப்பினாள். ஒவ்வோர் இலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணீர் மறைத்தபோது துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஒரு கொழுந்தும் தப்பவில்லை. மீதியைக் குமுதா இடித்தாள். சாறு குவளைக்குப் போனது. மாரப்பன் குடித்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்தான்.

பொழுது சாயும்போது தில்லை தன் துணி மூட்டையோடு அம்மை முன் வந்து நின்றாள்.

"நான் கிளம்பட்டுமா, அம்மா?"

"எங்கே?"

தில்லை குனிந்து மூட்டையின் முடிச்சைத் திருகினாள்.

"நாளை விடிந்ததும் போய்ப் பறித்து வா" என்றார் அம்மை.

தில்லை நிமிர்ந்தாள்.

"வந்து என் எதிரே உட்கார். இனி உன் கூடையைப் பார்க்க வேண்டும்."