மாசம் ஒரு பூசணிக்காய்

பல்லடம் பக்கத்தில் சென்னியப்பன் என்றொரு தறிப்பட்டறை முதலாளி. இன்சூரன்ஸ் என்று யாராவது ஆரம்பித்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். கெட்டதைப் பேசினால் பலித்துவிடுமாம்.

பட்டறை கூட்டும் மயிலாத்தா ஒருநாள் நேரே போய் நின்றாள். "தறி ஓட்டறவங்களுக்கெல்லாம் மருத்துவ இன்சூரன்ஸ் போட்டுக் குடுங்க மொதலாளி."

"போடறேன். ஆனா எதுக்குன்னு அபசகுனமில்லாமச் சொல்லோணும். நோவு, சாவு, ஆஸ்பத்திரி, ஒண்ணும் உன் வாயில வரப்படாது. வந்துச்சு, அன்னிக்கே வேலை போச்சு."

மயிலாத்தா தலையாட்டிவிட்டுப் போனாள்.

அமாவாசை வந்தது. பட்டறை வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைப்பது அவள் வேலை. அன்று காயை இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"ஏம்புள்ள ஒடைக்கல?"

"எதுக்குங்க? நல்லாத்தான இருக்கறீங்க?"

"திருஷ்டி பட்டுட்டா?"

"பட்டா என்னங்க ஆகும்?"

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "கார் கவுந்து கால் ஒடியும்! நெஞ்சுவலி வரும்! ஆஸ்பத்திரில கெடந்து சாவேன்! போதுமா?"

உள்ளே தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"எதுக்குன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க. என் வாயில ஒண்ணும் வரலீங்க" என்றாள் மயிலாத்தா. "காயை ஒடைச்சர்றனுங்க. ஆனா பில்லு வந்தா இது கட்டாதுங்க."

முதலாளி எல்லோருக்கும் இன்சூரன்ஸ் போட்டார், தனக்கும் சேர்த்து. பாலிசிப் பத்திரம் வந்த அன்று மயிலாத்தாவைக் கூப்பிட்டார். பத்திரத்தின் மேல் யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதாம். அதற்கும் ஒரு பூசணிக்காய் சுற்றி உடைக்கச் சொன்னார்.