சடையனின் கொட்டாவி

மூங்கில் மண்டிய ஒரு காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தது. அங்கே யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் மந்திரிப்பது அதுதான்.

சடையன் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. நோயாளியின் பக்கத்தில் உட்காரும். "எங்கே நோவுது?" என்று கேட்கும். உச்சியிலிருந்து கால் வரை மெதுவாகத் தடவிப் பார்க்கும். பிறகு வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொண்டே ஏதோ முணுமுணுக்கும். பாதிப் பேருக்கு அதிலேயே தெம்பு வந்துவிடும்.

ஒருநாள் முயலுக்கு மந்திரித்துக்கொண்டிருந்தபோது சடையனுக்குக் கொட்டாவி வந்தது. முந்திய நாள் முழுக்கத் தேன்கூடு தேடி அலைந்த களைப்பு, வேறென்ன? ஆனால் மந்திரிப்பவருக்குக் கொட்டாவி வந்தால் கண்ணேறு கழிகிறது என்று அந்தக் காட்டில் ஒரு நம்பிக்கை. மரத்தில் இருந்த குரங்கு சும்மா இருக்குமா?

"அடேயப்பா! சடையண்ணனுக்கு ஒரே கொட்டாவி! முயல் மேல எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாருங்க!"

மறுநாள் முயல் துள்ளி ஓடியது. அவ்வளவுதான், காடு முழுக்க இதே பேச்சு. சடையன் மந்திரிப்பதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட ஆரம்பித்தது. குரங்கு கிளையில் உட்கார்ந்து கொட்டாவிகளை உரக்க எண்ணியது.

சடையனுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்பதை விட்டது, தடவிப் பார்ப்பதையும் விட்டது. வாயைப் பிளப்பது ஒன்றே வேலையாகிப்போனது. கொட்டாவி விட்டால் கண் மூடிக்கொள்ளும் அல்லவா? எதிரே கிடப்பது யார் என்றுகூட அதற்குத் தெரியாது.

அப்படியிருக்க, ஒரு காலையில் செம்பி என்ற மான் தன் குட்டியை முகத்தால் தள்ளித் தள்ளிக் கூட்டி வந்தது. குட்டிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லை. செம்பிக்கு இருப்பது அந்த ஒரே குட்டிதான்.

"அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும்."

"கவலையை விடு தாயி. இன்னைக்குப் பாரு!" என்ற சடையன் வேப்பிலையைத் தூக்கியது. ஆவென்று திரும்பத் திரும்ப வாயைப் பிளந்தது.

"பத்தொன்பது! இருபது!" என்று கத்தியது குரங்கு. கூட்டம் ஆரவாரம் செய்தது.

குட்டியின் தலை தரையில் சாய்ந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

செம்பிக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து வேப்பிலைக் கொத்தைப் பிடுங்கி எறிந்தது.

"போதும் அண்ணே! வந்ததுலேர்ந்து எல்லாரும் உங்க வாயைத்தான் பாக்குறாங்க. எம்புள்ள செத்துக்கிட்டு இருக்கு. நீங்களாவது அதைப் பாத்தீங்களா?"

சடையனுக்குச் சுரீர் என்றது. குனிந்து பார்த்தது. இத்தனை சின்னக் குட்டி என்பதே அப்போதுதான் அதற்குத் தெரிந்தது. வெட்கத்தில் கூனிக் குறுகி, பக்கத்தில் உட்கார்ந்தது.

"எங்கேம்மா நோவுது?"

பதில் சொல்லக் குட்டிக்குத் தெம்பில்லை. சடையன் உச்சியிலிருந்து தடவிக்கொண்டே வந்தது. பின்னங்காலில் கை பட்டதும் குட்டி வீறிட்டது. குளம்பின் பிளவில் மூங்கில் சிராய் ஒன்று ஆழமாக ஏறிச் சீழ் கட்டியிருந்தது.

"என்னண்ணே, கொட்டாவியைக் காணோம்?" என்றது குரங்கு.

"வாயை மூடுடா!"

சடையன் சிராயை நகத்தால் நெம்பி எடுத்தது. சீழைப் பிதுக்கி, ஓடைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வேப்பிலையை மென்று வைத்துக் கொடியால் கட்டியது.

"பிழைச்சுக்குமா அண்ணே?"

"சிராயை எடுக்கத்தான் என்னால முடியும். ஆற வேண்டியது அதோட உடம்பு. அதுவரைக்கும் நான் கூடவே இருக்கேன்."

வேடிக்கை ஒன்றும் இல்லை என்றதும் கூட்டம் கலைந்தது. சடையன் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் குட்டி எழுந்தது. கரடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நொண்டிக்கொண்டே அதைத் தாண்டிப் போய்த் தாயின் மடியில் முட்டியது. சப்புச் சப்பென்று பால் குடித்தது. செம்பி அழுதேவிட்டது. சடையன் சத்தமில்லாமல் எழுந்து தன் வழியே போனது.

நீதி: குணப்படுத்த வந்தவர் நோயாளியைப் பார்க்க வேண்டும், தன்னை யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கக் கூடாது.